மனமுவந்து கொடுப்பார்களாம்!

2025-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி இந்திய சர்க்காருக்கும் பிரிட்டிஷ் சர்க்காருக்குமிடையே பெரியதொரு வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சீமைச் சாராயத்திற்கும் மோட்டார் வண்டிக்கும் சுங்கத் தீர்வை எவ்வளவு குறையும், திருப்பூர்ப் பனியனுக்கும் ஆம்பூர்த் தோலுக்கும் அங்கே என்ன சலுகை கிடைக்கும் என்பதைப் பற்றியெல்லாம் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. அந்த உடன்படிக்கையின் 13-வது அத்தியாயத்தை ஊன்றிப் படித்தவர்கள் மிகச் சிலரே. அதில் மருந்தைப் பற்றி ஒரு வாசகம் இருக்கிறது. மருந்துகள் ஜனங்களுக்குக் கிடைக்கும்படி செய்வதற்கு விரும்பத்தக்கதும் மிகச் சிறந்ததுமான மார்க்கம், பேடெண்டு என்னும் காப்புரிமையை உடையவர் மனமுவந்து பிறருக்கு அளிக்கும் லைசென்ஸ் முதலிய ஏற்பாடுகளே என்பதை இரு தரப்பினரும் அங்கீகரிக்கிறார்கள் என்பது அதன் கருத்து.

பார்ப்பதற்கு இதில் குற்றம் ஒன்றும் இல்லை. மனமுவந்து கொடுப்பதைக் காட்டிலும் மேலானது உலகத்தில் வேறென்ன உண்டு? இந்த வாசகத்தினால் கட்டாய லைசென்ஸ் வழங்கும் அதிகாரம் நம்மை விட்டுப் போய்விடவில்லை என்று சர்க்கார் தரப்பில் சமாதானமும் கூறப்பட்டது. அதுவும் உண்மைதான். சட்டப் புத்தகத்தில் அந்த அதிகாரம் எழுதிய இடத்திலேயே இருக்கிறது. ஆயினும், கையில் வாள் வைத்திருப்பவன், “வாளை எடுப்பது அவ்வளவு உசிதமன்று” என்று எதிராளிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அந்த வாளுக்கு என்ன மதிப்பு என்பதை நேயர்களே யோசித்துக் கொள்ளலாம்.

இதை நம்மிடம் எழுதி வாங்கியிருக்கும் பிரிட்டன், தன் வீட்டுக் காரியத்தில் எப்படி நடந்து கொண்டது என்பதை முதலில் கவனிப்போம். 1961-ல் அந்நாட்டுச் சுகாதார மந்திரியாக இருந்தவர் ஈனாக் பவல். வர்த்தக சுதந்திரத்தில் அவரைவிடப் பற்றுள்ளவர் எவரும் இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர், பேடெண்டு வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி டெட்ராஸைக்ளின் முதலிய மருந்துகளுக்குக் கேட்ட விலை அதிகமென்று கண்டார். உடனே சட்டத்தில் சர்க்காருக்கென்று ஒதுக்கியிருந்த உரிமையைக் கொண்டு, மருந்துகளுக்கு அக்காலத்தில் பேடெண்டே அளிக்காத இத்தாலியிலிருந்து மலிவான சரக்கைத் தருவித்துத் தம் தேசத்து ஆஸ்பத்திரிகளுக்கு விநியோகித்தார். கம்பெனி வழக்காடியது. 1965-ல் பிரபுக்கள் சபை சர்க்கார் செய்தது சரியென்றே தீர்ப்பளித்தது. மனமுவந்து கொடுக்கட்டும் என்று எவரும் அன்று காத்துக்கொண்டிருக்கவில்லை!

அமெரிக்காவின் கதையும் அவ்விதமே. 2001-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அங்கே தபாலில் ஆந்த்ராக்ஸ் என்னும் விஷக்கிருமி அனுப்பப்பட்டுச் சிலர் மாண்டபோது, அதற்குரிய மருந்தின் விலையைக் குறைக்காவிட்டால் பேடெண்டைத் தாண்டிச் செல்ல நேரிடும் என்று அமெரிக்க சுகாதார மந்திரியே பேயர் கம்பெனிக்கு எச்சரிக்கை விடுத்தார். விலை இறங்கிற்று. ஸ்விட்ஜர்லாந்து தேசமோ, தன்னுடைய மருந்துக் கம்பெனிகள் உலகப் பிரசித்தி பெற்று வெகு காலம் கழியும்வரை மருந்துப் பொருளுக்குப் பேடெண்டே வழங்கவில்லை. 1970-களின் கடைசியில்தான் வழங்க ஆரம்பித்தது. தாங்கள் ஏறி முடித்த ஏணியை உதைத்துத் தள்ளுவதென்பது இதுதான்.

நிற்க. நம் தேசத்தின் சங்கதிக்கு வருவோம்.

வெள்ளையர் ஆட்சியில் 1911-ல் செய்யப்பட்ட பேடெண்டுச் சட்டமே சுதந்திரம் வந்த பிறகும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் நம்மை ஆண்டது. அந்தச் சட்டத்தைப் பரிசீலிக்கும்படி 1957-ல் நியமிக்கப்பட்டவர் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாக இருந்த ஸ்ரீ என். ராஜகோபால அய்யங்கார். இந்தியாவில் பதிவான பேடெண்டுகளில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு வரை அந்நியர் கையில் இருந்தன என்பதையும், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொண்டு இந்த மண்ணில் ஒரு பொருளும் உற்பத்தியாகவில்லை என்பதையும் 1959-ல் அவர் அளித்த அறிக்கை அம்பலப்படுத்தியது. சரக்கைச் செய்வதற்காக வாங்கிய உரிமையல்ல அது. பிறர் செய்யாமலிருக்கும்படி தடுப்பதற்காக வாங்கியது. அவருடைய அறிக்கையை ஆதாரமாகக் கொண்டே 1970-ம் ஆண்டின் பேடெண்டுச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் 20-ந் தேதி அமுலுக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குப் பேடெண்டு இல்லை. அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு. அதுவும் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குத்தான் என்று அது விதித்தது. ஒரே மருந்தை வேறொரு முறையில் தயாரிக்கத் தெரிந்தவன் தாராளமாகத் தயாரிக்கலாம் என்று ஆயிற்று. நமது மருந்துத் தொழில் தலையெடுத்தது இந்தச் சட்டத்தின் நிழலிலேதான்.

அதன் பயனை உலகம் 2001-ல் கண்டது. எய்ட்ஸ் நோய்க்குரிய மூன்று மருந்துகளைச் சேர்த்து உண்பதற்கு ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவில் ஜனங்கள் ஈசல்போல் மடிந்தார்கள். மருந்தை மலிவாகத் தருவிக்கச் சட்டம் செய்த குற்றத்திற்காகத் தென்னாப்பிரிக்க சர்க்காரின்மீது முப்பத்தொன்பது மருந்துக் கம்பெனிகள் 1998 முதல் வழக்கு நடத்திக் கொண்டிருந்தன. நெல்ஸன் மண்டேலாவின் பெயரும் பிரதிவாதிகளில் ஒன்று. அந்தச் சமயத்தில்தான், 1939-ல் காந்தியடிகள் நேரிற்சென்று பார்வையிட்ட பம்பாய் சிப்லா கம்பெனி, அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக 2001 பிப்ரவரியில் முன்வந்தது. நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. இரண்டு மாதத்தில் அந்தக் கம்பெனிகள் வழக்கை வாபஸ் வாங்கிக் கொண்டன. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாக 1986-ல் கண்டறியப்பட்டது நமது சென்னையிலேதான் என்பதை நினைத்தால், இந்த மலிவு நமக்கு எவ்வளவு பெரிய ரட்சையாக இருந்தது என்பது விளங்கும்.

ஆனால் அதற்கு முன்பே நம் கையைக் கட்டியாகிவிட்டது. 1995 ஜனவரியில் உலக வர்த்தக ஸ்தாபனம் ஏற்பட்டபோது அதன் அறிவுச் சொத்து உடன்படிக்கைக்கு நாமும் உட்பட்டோம். எல்லாப் பொருள்களுக்கும் இருபது ஆண்டுப் பேடெண்டு என்பது அதன் விதி. நமக்குப் பத்தாண்டு தவணை கிடைத்தது. 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் பேடெண்டு வந்துவிட்டது. தப்பிப் பிழைப்பதற்குச் சில சந்துகள் மட்டும் மிஞ்சின. பார்லிமெண்டில் சிலர் விடாப்பிடியாகப் போராடியதனால் அந்தச் சந்துகளை நம் சட்டத்தில் எழுதிக்கொள்ள முடிந்தது. அவை முக்கியமாக மூன்று. பழைய பொருளின் உருவத்தைச் சற்று மாற்றிவிட்டுப் புதுப் பேடெண்டு கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு ஒன்று. பேடெண்டு வழங்குவதற்கு முன்பே எவரும் ஆட்சேபிக்கலாம் என்பது ஒன்று. கட்டாய லைசென்ஸ் மூன்றாவது.

முதலாவது சந்தின் பெருமையை நம் சென்னைதான் உலகுக்குக் காட்டியது. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு நோவார்ட்டிஸ் என்னும் ஸ்விஸ் கம்பெனி விற்ற கிளீவெக் என்ற மருந்துக்கு மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய ரூ.1,20,000 ஆயிற்று. நம்மவர் செய்த அதே மருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. அந்தக் கம்பெனி, முன்பே தெரிந்த அந்த மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்திற்குப் பேடெண்டு கேட்டுச் சென்னைப் பேடெண்டு ஆபீஸில் மனுச் செய்திருந்தது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கமொன்றும் சுதேசக் கம்பெனிகளும் ஆட்சேபித்தன. 2006 ஜனவரியில் மனு நிராகரிக்கப்பட்டது. 3(டி) பிரிவே அரசியல் சட்டத்திற்கு விரோதமென்று கம்பெனி சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. 2007 ஆகஸ்டில் ஹைக்கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. உயிர் காக்கும் மருந்து பிரஜைகளுக்கு எளிதிற் கிடைக்கச் செய்யவேண்டிய கடமை நமது ராஜ்யத்திற்கு உண்டென்பதையும் தீர்ப்பில் நினைவுபடுத்தியது. கடைசியாக 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் அப்பீலைத் தள்ளிற்று. 3(டி) உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விதிக்கு முரணானது என்று ஆண்டுதோறும் கூக்குரல் போடுகிறவர்களில் ஒருவராவது அந்த ஸ்தாபனத்திலே வழக்குத் தொடர்ந்ததுண்டா? இல்லை. தோற்றுப்போவோம் என்ற பயம் அவர்களுக்கு இருக்கவேண்டும். வழக்குக்குப் பதிலாக அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதியின் ஆபீஸ் ஆண்டுதோறும் வெளியிடும் கறுப்புப் பட்டியலில் இந்தியாவின் பெயரை ஏற்றி மிரட்டுவதோடு சரி.

இனிக் கட்டாய லைசென்ஸுக்கு வருவோம். இதுதான் இன்றைய விஷயத்தின் உயிர்நிலை.

ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கு ஸோராஃபெனிப் என்று ஒரு மருந்து. பேயர் கம்பெனி 2008-ல் இதற்கு இந்தியாவிற் பேடெண்டு பெற்றது. ஒரு மாதத்திற்கு வேண்டிய 120 மாத்திரைகளின் விலை ரூ.2,80,428. ஹைதராபாத் நாட்கோ கம்பெனி, நாங்களும் இதைத் தயாரித்து விற்க அனுமதி தாருங்கள் என்று 2010 டிசம்பரில் பேயருக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. அதாவது, பிரிட்டிஷ் உடன்படிக்கை எதை மிகச் சிறந்த மார்க்கமென்று புகழ்கிறதோ அந்த மார்க்கத்திலேயே முதலிற் சென்றது. கிடைத்த பதில், முடியாது என்பதே. அதன் பிறகுதான் 2011-ல் சட்டத்தின் 84-வது பிரிவின்கீழ் பேடெண்டு அதிகாரியிடம் மனுச் செய்தது.

84-வது பிரிவு கேட்பவை மூன்று கேள்விகள். ஜனங்களின் நியாயமான தேவை பூர்த்தியாகிறதா? அவர்கள் கொடுக்கக்கூடிய விலையில் கிடைக்கிறதா? அந்தப் பேடெண்டு இந்த நாட்டில் அமுலாகிறதா? விலை என்ன என்பது ஊரறிந்த விஷயம். மற்ற இரண்டுக்கும் சாட்சி எங்கே? சாட்சியைக் கொடுத்தது பேயர் கம்பெனியேதான்! பேடெண்டு பெற்றவர்கள் ஆண்டுதோறும் 27-ம் நம்பர்ப் படிவமொன்றைப் பூர்த்தி செய்து தாக்கல் செய்ய வேண்டும் என்று நம் சட்டவிதி அப்போது கூறியது. எவ்வளவு சரக்கு இங்கே உற்பத்தியாயிற்று, எவ்வளவு வெளியிலிருந்து வந்தது, என்ன மதிப்பு என்பதை அதிற் காட்டவேண்டும். பேயர் காட்டிய கணக்கின்படி 2008-ல் இறக்குமதி சூன்யம்; அடுத்த ஆண்டுகளிற் சொற்பம். மருந்து தேவைப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான் அது எட்டியது என்று அதிகாரி கணக்கிட்டார். 2012 மார்ச் 9-ந் தேதி நாட்கோவுக்குக் கட்டாய லைசென்ஸ் வழங்கி உத்தரவாயிற்று. புதிய விலை ரூ.8,880. பேயருக்கும் அநியாயம் செய்யவில்லை; விற்பனையில் நூற்றுக்கு ஆறு வீதம் ராயல்டி கொடுக்கச் சொல்லி, பின்னர் மேல்விசாரணையில் அது ஏழாக்கப்பட்டது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது.

ஒரு படிவம் இல்லாவிட்டால் இந்த வழக்கு இந்த விதமாக முடிந்திருக்குமா என்பது சந்தேகமே. நேயர்கள் இதை மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் இதற்கு வருவோம்.

அந்தக் கம்பெனியின் தலைவர் 2013-ல் ஒரு கூட்டத்திற் பேசுகையில், இந்த மருந்தைத் தாங்கள் இந்தியச் சந்தைக்காக உண்டாக்கவில்லை, விலை கொடுக்க வல்ல மேனாட்டு நோயாளிகளுக்காகவே உண்டாக்கினோம் என்ற கருத்தை வெளியிட்டார். விஷயம் வெளிவந்து கண்டனம் எழுந்ததும் விளக்கம் கூறினார். நாம் அவரிடம் கோபம் கொள்ளவில்லை. வியாபாரி உள்ளதைச் சொன்னார். ஆனால், உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த வியாபாரியிடமிருந்து மனமுவந்த தானம் வருமென்று உடன்படிக்கையில் எழுதி வைப்பவர்களைக் கண்டுதான் நமக்கு வியப்புண்டாகிறது.

மனமுவந்து கொடுத்ததற்கும் உதாரணம் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-சி நோய்க்கு மருந்தாகிய ஸோஃபோஸ்புவிர், அமெரிக்காவில் மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர். இதன் சொந்தக்காரராகிய கிலியட் கம்பெனி 2014-ல் இந்தியக் கம்பெனிகள் சிலவற்றுக்கு லைசென்ஸ் கொடுத்தது. இந்தியாவில் விலை வெகுவாக இறங்கியது, மெச்சுகிறோம். ஆனால் எந்தெந்தத் தேசங்களுக்கு விற்கலாம் என்று கம்பெனியே 91 தேசங்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்தது. பிரேஸில், சீனா, தாய்லாந்து, நம்மவர்கள் ஏராளமாக வாழும் மலேசியா ஆகியவை அதில் இல்லை. 2017-ல் மலேசிய சர்க்கார், பேடெண்டைப் பொருட்படுத்தாமல் சர்க்கார் உபயோகத்திற்கென்று மருந்தைத் தருவிக்கத் துணிந்தது. அதே ஆண்டில் மலேசியாவின் பெயர் கம்பெனியின் ஜாபிதாவிலும் ஏறிவிட்டது! வாளை உருவத் துணிந்தவனுக்குத்தான் மனமுவந்த தானமும் விரைவில் வருகிறது.

நம் சர்க்கார் அந்த வாளை என்ன செய்தது? 2012-க்குப் பின் ஒரு கட்டாய லைசென்ஸ்கூட இங்கே வழங்கப்பட்டதாக இல்லை. 2013-லும் 2016-லும் வேறு மருந்துகளுக்காக வந்த மனுக்கள் தள்ளப்பட்டன. கொரோனாக் காலத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 2020-ல், அதுவும் காந்தி ஜயந்தியன்று, தென்னாப்பிரிக்காவுடன் சேர்ந்து உலக வர்த்தக ஸ்தாபனத்தில் பேடெண்டுகளை நிறுத்தி வைக்கும்படி பிரேரணை கொண்டு வந்தது இந்தியா. உலகமே பாராட்டிற்று. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு, நமது சட்டத்திலேயே இருக்கும் 92, 100-வது பிரிவுகளை ஏன் உபயோகிக்கலாகாது என்று வினவியபோது, அவ்வாறு செய்வது இச்சமயத்தில் எதிரிடையான பலனையே தரும் என்று அதே சர்க்கார் பிரமாண பத்திரம் தாக்கல் செய்தது. ஜினீவாவில் ஒரு நாவும் டில்லியில் ஒரு நாவும்!

இப்போது அந்தப் படிவத்திற்குத் திரும்புவோம். 2020-ல் செய்த திருத்தத்தில், எவ்வளவு சரக்கு என்ற விவரம் வேண்டாம், ஏறக்குறைய மதிப்பு மட்டும் போதும் என்று படிவம் சுருக்கப்பட்டது. 2024 மார்ச் 10-ந் தேதி ஸ்விட்ஜர்லாந்து முதலிய நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஐந்தே நாள் கழித்து, மார்ச் 15-ந் தேதி, பேடெண்டு விதிகளுக்குப் புதிய திருத்தம் பிரசுரமாயிற்று. ஆண்டுதோறும் தாக்கல் செய்யவேண்டிய படிவம் மூன்றாண்டுக்கு ஒரு முறை என்று ஆயிற்று. பேடெண்டு வழங்குமுன் ஆட்சேபிப்பவர் கட்டணம் கட்டவேண்டும் என்றும், ஆட்சேபத்தைக் கேட்கலாமா கூடாதா என்பதை அதிகாரி முதலில் முடிவு செய்வார் என்றும் ஆயிற்று. தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை என்று நம்புவதற்கு நாம் அவ்வளவு பேதைகளல்லோம். அதன் பிறகு பிரிட்டிஷ் உடன்படிக்கையில் அந்த மூன்றாண்டுக் கணக்கே ஷரத்தாகவும் ஏறிவிட்டது. இதிலுள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். விதியை டில்லியில் ஒரு மந்திரி மாற்றினால் இன்னொரு மந்திரி வந்து திருத்திவிடலாம். உடன்படிக்கையில் ஏறியதை அடுத்து வரும் சர்க்காரும் எளிதில் தொடமுடியாது.

பேடெண்டு இல்லாவிட்டால் புது மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆராய்ச்சிக்குச் செலவாகிறது, அதைத் திரும்பப் பெறுவதற்கு வழி வேண்டும். பேடெண்டை ஒழித்துவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. நாட்கோ ராயல்டி கொடுத்துத்தான் மருந்து செய்தது. நம் தேசத்து மருந்து முதலாளிகள் எல்லாரும் தர்மவான்கள் என்றும் நாம் சொல்லப் போவதில்லை. 2025-ல் நமது காஞ்சீபுரம் ஜில்லாவில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் பச்சைக் குழந்தைகள் மாண்டன. அதை நினைக்குந்தோறும் தமிழ் நாட்டார் தலைகுனிய வேண்டியிருக்கிறது. மலிவு என்பது விஷத்திற்கு அனுமதிச் சீட்டு அல்ல. ஆனால் தரத்தைக் காப்பது மருந்துப் பரிசோதகரின் வேலை. அவர் தூங்கியதற்குத் தண்டனையாக நோயாளியின் தலையில் ஏகபோக விலையைக் கட்டுவது எந்த நீதி?

விலை எந்த அளவு இறங்கக் கூடியது என்பதற்குக் கண்முன் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். தசைகள் நாளடைவில் செயலற்றுப் போகும் ஓர் அபூர்வ நோயுடன் சில குழந்தைகள் பிறக்கின்றன. அதற்கு ரோஷ் கம்பெனியின் ரிஸ்டிப்ளாம் என்ற மருந்து ஒரு புட்டி ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். நாட்கோ அதைத் தயாரிக்க முற்பட்டபோது ரோஷ் தடையுத்தரவு கேட்டது. டில்லி ஹைக்கோர்ட்டு 2025 மார்ச்சிலும், மறுபடியும் அக்டோபரிலும் மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டும் அதே அக்டோபரில் தலையிட மறுத்தது. நாட்கோவின் புட்டி ரூ.15,900-க்கு வெளிவந்தது. இதில் சர்க்காரின் கை ஒன்றும் இல்லை. பேடெண்டின் வலுவைப் பற்றிக் கோர்ட்டுக்குச் சந்தேகம் எழுந்ததனால் கிடைத்த அனுகூலம் அது. பேடெண்டு வலுவாக இருந்து, விலையும் ஆறு லட்சமாக இருந்தால், அந்தக் குழந்தையின் தகப்பன் யாரிடம் போவான்? அவனுக்காகத்தான் 84, 92, 100 என்ற பிரிவுகள் எழுதப்பட்டன.

அந்நிய நாட்டுடன் உடன்படிக்கை செய்து கொள்ளப் பார்லிமெண்டின் முன் அனுமதி தேவையில்லை என்பது நமது ராஜ்ய முறை. கையெழுத்தான பிறகுதான் அங்கத்தினர்களும் நம்மைப்போல் பத்திரிகையிற் படித்துத் தெரிந்து கொள்கிறார்கள். தமிழ் நாட்டிலிருந்து லோக் சபைக்குச் சென்றிருப்பவர்கள் 39 பேர். கட்சி எதுவாயினும் ஆகுக. அவர்கள் எழுந்து நின்று மூன்று விஷயங்களைக் கேட்டுப் பதில் பெறவேண்டுமென்று விரும்புகிறோம். 27-ம் நம்பர்ப் படிவத்தில் சரக்கின் அளவைக் காட்டும் பகுதியை எடுத்தது யாருடைய யோசனையின் பேரில்? 2012-க்குப் பின் எந்தெந்த மருந்துகளுக்குக் கட்டாய லைசென்ஸ் வழங்க வேண்டுமென்று சுகாதார இலாகா யோசனை கூறியது. அது ஏன் கைவிடப்பட்டது? அமெரிக்காவுடனும் பிற தேசங்களுடனும் பேசி வரும் உடன்படிக்கைகளில் மருந்தைப் பற்றிய அத்தியாயத்தின் நகலைக் கையெழுத்திடுமுன் சபையின் மேஜைமீது வைப்பார்களா, மாட்டார்களா?